'அக்ரீ'க்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகத் தேயிலை இருக்கிறது. பறிக்கிற பச்சை இலையை ஃபேக்டரிக்குப் போடுகிறோம். தொட்டபெட்டா மறித்துக்கொள்வதால் ஆடி மழை இங்கே அவ்வளவாக இருக்காது. ஐப்பசியில்தான் கொட்டித் தீர்க்கும். அப்படி ஓர் ஐப்பசியில், இலை ஈரம் என்று 100 கிலோவுக்கு 12 கிலோ எடையைக் கழித்துவிட்டார்கள். பிளஸ் டூ படித்தவள் என்பதால் ஐந்தாறு குடும்பத்துக்கும் சேர்த்து இங்கிலீஷில் கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

"இலை ஈரம்தான், ஒத்துக்கொள்கிறோம்; ஆனால் 12 கிலோ அதிகம்" என்று சொல்லத்தான் நினைத்தேன். எழுதியது இது: "வி அக்ரீ டு த டிடக்‌ஷன், பட் ப்ளீஸ் ரெட்யூஸ் இட்." கணக்குப் பார்ப்பவர் முதல் ஐந்து சொற்களுக்கு அடியில் பேனாவால் கோடு போட்டார். "கழிவுக்குச் சம்மதம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா" என்றார். அந்த மாதக் கணக்கில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

தப்பு 'அக்ரீ'யில் இல்லை, அதை அடுத்து நான் போட்ட 'டு'வில். ஆகவே இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்கிறவர்கள் அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். பின்னால் வரும் குட்டிச் சொல்லோடு சேர்த்தே வாயில் பழக்குங்கள்.

ஓர் ஆளோடு, அல்லது அவர் சொல்லும் கருத்தோடு உங்கள் எண்ணம் பொருந்தினால் 'வித்'. "ஐ அக்ரீ வித் யூ" என்றால் நீங்கள் சொல்வது சரி என்று நானும் நினைக்கிறேன், அவ்வளவுதான். அதனால் எதையும் செய்துதர நான் கட்டுப்படவில்லை. ஒருவர் முன்வைக்கும் ஏற்பாட்டுக்கோ நிபந்தனைக்கோ தலையசைத்தால் 'டு'. இங்கே நீங்கள் கட்டுப்பட்டுவிட்டீர்கள். 'டு'வுக்கு அடுத்து ஆள் பெயர் வராது. "ஐ அக்ரீ டு ஹிம்" என்பது பிழை. 'டு'வோடு வினைச்சொல்லும் வரும்: "ஷி அக்ரீட் டு கம்", வரச் சம்மதித்தாள்.

இரண்டு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தால் 'ஆன்'. எதிர்வீட்டுத் தம்பி மேட்டுப்பாளையத்துக்கு டாக்ஸி ஓட்டுகிறான். வெளிநாட்டுக்காரர் இறங்கும்போது வாடகையில் பேரம் பேசுகிறார் என்று வருத்தப்பட்டான். "அக்கா, ஏறும்போதே பேசினதை எப்படி ஞாபகப்படுத்துறது?" என்று கேட்டான். "வி அக்ரீட் ஆன் டூ தவுசண்ட் ருப்பீஸ்" என்று சொல்லிக் கொடுத்தேன். பிரிட்டன்காரர்கள் 'ஆன்' இல்லாமல் "அக்ரீ எ ப்ரைஸ்" என்றும் எழுதுவார்கள். நமக்கு 'ஆன்' போடுவதே பத்திரம்.

இனி நம் தமிழ் நம்மைத் தடுக்கிவிடும் இடம். 'ஒத்துக்கொள்' என்று நாம் மூன்று வேலைக்குச் சொல்கிறோம். கருத்தை ஒத்துக்கொள்கிறோம், ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்கிறோம், செய்த தப்பையும் ஒத்துக்கொள்கிறோம். மூன்றாவதற்கு 'அக்ரீ' உதவாது. "ஹி அக்ரீட் ஹிஸ் மிஸ்டேக்" என்று எழுதாதீர்கள். அங்கே 'அட்மிட்' வர வேண்டும். என் டியூஷன் பிள்ளைகளின் நோட்டில் நான் அதிகமாகத் திருத்தும் பிழை இதுதான். அடுத்தபடியாக "ஐ ஆம் அக்ரீ", "ஐ ஆம் அக்ரீயிங்". 'ஒத்துக்கொள்கிறேன்' என்பதில் உள்ள 'கிறேன்' காதில் நின்று இப்படி எழுத வைக்கிறது. இங்கிலீஷில் வெறும் "ஐ அக்ரீ" போதும்.

ஆனால் இதே 'ஒத்துக்கொள்' ஓரிடத்தில் அழகாகக் கைகொடுக்கிறது. சமவெளியிலிருந்து மார்கழியில் வரும் உறவுக்காரர்கள் மூன்றாம் நாளே "இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கல" என்பார்கள். இங்கிலீஷிலும் அப்படியே: "திஸ் கோல்ட் டஸ் நாட் அக்ரீ வித் மீ." சாப்பாட்டுக்கும் இதைச் சொல்லலாம். 'வித்' மட்டும் மாறாது.

எப்படி இரண்டு மொழியும் இங்கே சந்தித்தன என்று தேடியபோதுதான் வேரைத் தெரிந்துகொண்டேன். 'அக்ரீ' 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. பிரெஞ்சில் 'ஆ க்ரே' என்றால் ஒருவர் விருப்பப்படி. அதற்கும் அடியில் லத்தீன் 'க்ராதுஸ்': பிடித்தமானது, இனியது. கிரேட்ஃபுல், கங்க்ராஜுலேட் இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. அதாவது மனசுக்குப் பிடிப்பதுதான் இந்தச் சொல்லின் பழைய பொருள். சம்மதம் பிறகு வந்தது. 'அக்ரீயபிள்' என்றால் இன்றைக்கும் இனிமையான என்று அர்த்தம் வருவது அதனால்தான். தமிழில் வேர் வேறு: ஒத்தல், ஒன்றுபோல் இருத்தல். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சுருதியை விடாமல் ஊதும் குழலுக்கு 'ஒத்து' என்றே பெயர். எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது, ஒன்று மனசைப் பார்க்கிறது, மற்றது சுருதியைப் பார்க்கிறது.

இலக்கணத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்துவதையும் இங்கிலீஷில் 'அக்ரீமென்ட்' என்பார்கள், தமிழில் இயைபு. "அவர்கள் வந்தான்" என்று சொல்ல மாட்டோம் இல்லையா, அதுதான்.

கையெழுத்துப் போடும் முன் காகிதத்தில் 'அக்ரீ' எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த சொல்லில் விரலை வையுங்கள். 'டு' என்றால் அங்கேயே நின்று, எதற்கு என்று முழுக்கப் படியுங்கள்.

அடுத்த ஐப்பசிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: "வி அக்ரீ வித் யூ தட் த லீஃப் இஸ் வெட். வி டு நாட் அக்ரீ டு ட்வெல்வ் கிலோஸ். லெட் அஸ் அக்ரீ ஆன் எ ஃபேர் ஃபிகர்." இந்த முறை அவர் பேனாவை எடுக்கவில்லை, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பேசி 8 கிலோவில் முடித்தோம்.