அப்பாவின் தலைசுற்றல் நின்றது இப்படித்தான்

சிங்கப்பூரில், யீஷூனில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு மதியமானால் தலைவலி, எழுந்து நின்றால் தலைசுற்றல். கேட்டால், "தாகமே இல்லையேம்மா" என்பார். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும், அதை நம்பியிருக்க முடியாது. உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருப்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது சிறுநீரின் நிறம். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது கடுந்தேநீர் போல, அதுவும் கொஞ்சமாக. நாக்கும் வறண்டிருந்தது.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை லேசில் ஆவியாகாது. உடம்பு குளிராமல் இன்னும் வியர்க்கும். காலை நடை முடித்து வந்தால் அவர் சட்டையைப் பிழியலாம்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நின்றதும் இறங்கியது. அவருடைய பிரஷர் மாத்திரையில் ஒன்று சிறுநீரைக் கூட்டுவது, டாக்டர் அளவைக் குறைத்தார். நாமாக நிறுத்தக் கூடாத மருந்து அது.

இப்போது அளவுக்கோடு போட்ட தண்ணீர் பாட்டில் மேசையில் இருக்கிறது. நடந்து வந்ததும் நீர்மோர், சாப்பாட்டில் ரசம். சிறுநீர் தெளிந்தது, தலைசுற்றலும் போயிற்று. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு என்றால் வெறும் தண்ணீர் போதாது. ஓஆர்எஸ் (உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி) பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அதிலுள்ள குளுக்கோஸ்தான் குடல் உப்பை உறிஞ்ச உதவுகிறது. பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே 995-ல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.