ஓர் ஊர் ஏன் கலைந்தது என்பதை வரைபடங்களைக் கொண்டு கண்டறிவது எப்படி?

ஓர் ஊரை விட்டு மக்கள் வெளியேறினால் அதற்குக் காரணம் பருவநிலை மாற்றம் என்று உடனே எழுதிவிடும் பழக்கம் பரவிவருகிறது. அந்தச் சொல்லைக் கடைசி வரை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் தண்ணீரைத் தேடுங்கள். உஸ்பெகிஸ்தானில், நிலத்தால் சூழப்பட்ட, பெரும்பகுதி வற்றிப்போன உப்பு ஏரியான ஏரல் கடலின் தென்கரையில் இருந்த மொய்னாக் என்னும் மீன்பிடித் துறைமுகத்தைக் கொண்டு இம்முறையைப் பழகலாம்.

ஊருக்கு நீர் எங்கிருந்து வந்தது, அந்நீர் எந்தத் தொழிலுக்குச் சோறு போட்டது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆமு தாரியா, சிர் தாரியா என்னும் இரண்டு ஆறுகள் ஏரல் கடலை நிரப்பின. 1960இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். மொய்னாக்கில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றும் இருந்தது.

அடுத்து, ஆண்டு வாரியாகக் கரைக்கோட்டை வரையுங்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல்தான் கிடைக்கும் என்பதால், அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய அச்சு வரைபடங்களே துணை. கரை விலகிய ஆண்டும் மக்கள் வெளியேறிய ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று கருதிவிடாதீர்கள். உள்ளூர் மீன் அற்றுப்போன பிறகும் தொலைதூரக் கடல்களிலிருந்து உறைமீனைக் கொண்டுவந்து அந்த ஆலையைச் சில காலம் ஓட்டினார்கள். தொழில் தாங்கும்வரை ஊரும் தாங்கும்.

காரணங்களைப் பிரிப்பதுதான் கடினமான வேலை; பொறுமை இங்கேதான் தேவை. பருத்திப் பாசனத்துக்காகச் சோவியத் அரசு இரண்டு ஆறுகளையும் கால்வாய்களில் திருப்பியதே கடல் வற்றியதற்கு முதன்மைக் காரணம். கடல் சுருங்கிய பின் சுற்றுவட்டாரத்தில் கோடை மேலும் வெம்மையாகவும் குளிர்காலம் மேலும் கடுமையாகவும் மாறின. அதாவது, இங்கே வட்டாரத் தட்பவெப்பம் மாறியது விளைவுகளில் ஒன்றே. அந்த வெப்பநிலைப் பதிவுகளை மட்டும் பார்ப்பவர் விளைவையே காரணமாக எழுதிவிடக்கூடும்.

இந்த முடிவைச் சோதிக்க, அதே கடலை நம்பியிருந்த இன்னோர் ஊரை அருகில் வைத்துப் பாருங்கள். வடகரையில் கஜகஸ்தானின் அரால்ஸ்க் உள்ளது. அந்நாட்டு அரசு உலக வங்கியின் உதவியுடன் 2005இல் கட்டி முடித்த கோக்-அரால் அணை, சிர் தாரியாவின் நீரை வடக்குப் பகுதியிலேயே தேக்கியது. நீர்மட்டம் உயர்ந்தது, உப்புத்தன்மை குறைந்தது, மீன்பிடிப்பும் திரும்பியது. தெற்கே அத்தகைய மீட்சி இல்லை. மொய்னாக்கில் துருப்பிடித்த படகுகள் இன்றும் மணலில் நிற்கின்றன. இரண்டு கரைகளின் வேறுபாட்டைத் தட்பவெப்பத்தால் விளக்க இயலாது.

ஒதுக்கி வைத்த சொல்லுக்கு இனி இடம் கொடுக்கலாம். ஆமு தாரியாவுக்கு நீர் தரும் பாமீர் மலையின் பனியாறுகள் புவி வெப்பமாதலால் சுருங்கிவருகின்றன. ஆகவே ஊர்களையும் அவை கலைந்த அல்லது கலையக்கூடிய காரணங்களையும் குறிக்கும் உங்கள் அட்டவணையில் பருவநிலை மாற்றத்தை மொய்னாக்கின் பெயருக்கு நேரே எழுதாமல், அந்த ஆற்றுநீரை இன்றும் நம்பியிருக்கும் பாசன ஊர்களின் பெயர்களுக்கு நேரே எழுதுங்கள்.