முகாமுக்கு மூட்டை கட்டுவதற்கு முன்

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமுக்கு முதல் தடவை போனபோது எங்கள் வேனில் ஏழு மூட்டை பழைய துணி இருந்தது, எல்லாம் வேளச்சேரி அபார்ட்மென்ட்டில் திரட்டியது. பிரித்தால் பட்டன் போன சட்டைகள், யாரோ கல்யாணத்துக்குப் போட்ட ஒரு கோட்டு. அதைத் தூக்கிப் பார்த்த அக்கா, "இதைப் போட்டுக்கொண்டு பெயின்ட் அடிக்கப் போகேலுமோ தம்பி?" என்று சிரித்தார். அங்கே ஆண்களில் பலருக்குப் பெயின்ட் வேலைதான் பிழைப்பு என்பதுகூட எனக்குத் தெரியாது. 2004 சுனாமியின்போது நன்கொடையாக வந்து, யாரும் எடுக்காமல் நாகப்பட்டினம் சாலையோரம் குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்தும் நமக்குப் புத்தி வரவில்லை.

துணியாவது பரவாயில்லை, குப்பையில் போடலாம். வாயால் செய்யும் உதவி இருக்கிறதே, அதுதான் ஆபத்து. "உங்க பிள்ளை இங்கேதானே பிறந்தான், அவன் இந்தியன்தான்" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு வருவார்கள். சட்டம் அப்படி இல்லை. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்; 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான், இலங்கை கிடையாது. 2025இல் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு தந்தது, சரி, ஆனால் அது குடியுரிமை இல்லை. ஒருவர் உங்கள் பேச்சை நம்பி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து மாட்டிக்கொண்டால் வழக்கு அவர் மேல்தான் வரும், உங்கள் மேல் இல்லை. தெரியாவிட்டால் வக்கீலிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்து, எல்லோரையும் ஒரே பையில் போடுவது. பீகாரிலிருந்து மெட்ரோ வேலைக்கு வந்தவர் இந்தியக் குடிமகன். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் இங்குள்ள கடையிலேயே அரிசி வாங்கலாம், அதைச் சொல்லிக் கொடுத்தாலே பெரிய உதவி. மியான்மரிலிருந்து தப்பி வந்து கேளம்பாக்கத்தில் இருக்கும் ரோஹிங்கியாக்களிடம் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடாத நாடு, அதனால் அந்த அட்டையைப் பெரிய பாதுகாப்பாக எண்ணிவிட வேண்டாம். இலங்கைத் தமிழர்களைப் பதிவு செய்வது அரசு. அவர்களிலும் முகாமில் இருப்பவர் வேறு, வெளிப்பதிவில், அதாவது பதிவு செய்துவிட்டு முகாமுக்கு வெளியே இருப்பவர் வேறு. முகாமில் பணக்கொடை உண்டு, 2021இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆக்கினார்கள். வெளிப்பதிவுக்காரருக்கு அது கிடையாது. எல்லோரும் முகாமுக்கே போவதால், வாடகை வீட்டில் கஷ்டப்படுகிறவரை யாரும் தேடிப் போவதில்லை.

போட்டோ எடுக்காதீர்கள். பிரியாணிப் பொட்டலத்தை நீட்டி, அவர் வாங்கும் கையை நிறுத்தி வைத்து எடுத்து, ஃபேஸ்புக்கில் போடுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். மானம் ஒரு பக்கம் இருக்கட்டும், மியான்மரில் இன்னும் சொந்தக்காரர்கள் இருப்பவரின் முகம் வெளியே வந்தால் அங்கே என்ன ஆகும் என்று யோசித்தோமா? 'அகதி' என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். முகாம்களின் பெயரையே 2021இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நாற்பது வருஷம் இங்கே வாழ்ந்தவருக்கு அந்தச் சொல் குத்தத்தான் செய்யும்.

பணம் திரட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கனடா குடியுரிமை வாங்கிய மாமா உங்கள் டிரஸ்ட்டுக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். நல்ல மனசு இருக்கிறதே என்று வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் பதில் சொல்லி முடியாது.

இப்போதெல்லாம் நாங்கள் போவதற்கு முன் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்கிறோம். பெரும்பாலும் காலேஜ் ஃபீஸ்தான் வருகிறது, அதுவும் ஜூன், ஜூலையில். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுக்க நாலு குழு வரிசையில் நிற்கிறது, ஜூனில் ஒருவரையும் காணோம். அப்புறம், வெளியாட்கள் முகாமுக்குள் போக அனுமதி வாங்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். இரண்டாம் தடவை நாங்கள் வாசலிலிருந்தே வேனைத் திருப்பினோம்.