பழைய கார் வாங்குமுன் அடியைத் தட்டிப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் பழைய அம்பாசடர், பத்மினி, வில்லிஸ் ஜீப் தேடுகிறவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கும். உள்ளே விரித்த கால்மிதியைத் தூக்கிவிட்டு, தரைத் தகட்டையும் கதவின் அடிப்பக்கத்தையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் பெயின்ட்டுக்குள் இருப்பது துருவும், ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டியும்தான். விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

அப்புறம் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் பாருங்கள். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, சான்றில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பதிவான வண்டிக்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டியை 2021 விதிப்படி ‘விஏ’ (VA) எண் வரிசையில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் தினமும் ஓட்ட அனுமதி இல்லை.

கொண்டுவரும்போது கயிறு கட்டி இழுக்கவே வேண்டாம். லாரியில் ஏற்றி, பெல்ட்டைச் சக்கரங்களில் போடுங்கள். பம்பரில் போட்டால் பிடுங்கிக்கொண்டு வரும். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். ஆரல்வாய்மொழி வழியாக என்றால் தார்ப்பாய் போடாதீர்கள். அந்தக் கணவாய்க் காற்றில் அது படபடத்தே பெயின்ட்டை உரித்துவிடும்.