ஓய்வுக்குப் பிறகு உழவாரப் பணி: எங்கே, எப்படித் தொடங்குவது

நான் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் வெளியூரில். காலையில் எழுந்தால் இன்றைக்கு என்ன வேலை என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 7ஆம் நூற்றாண்டில் அப்பர் பெருமான் உழவாரப்படையோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார். அவருடைய அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூமாலை கட்டினார். நமக்கும் அதே வேலைதான்: கோயிலைச் சுத்தம் செய்வது. அதைத்தான் உழவாரப் பணி என்கிறோம்.

பெரிய கோயிலைத் தேடிப் போகாதீர்கள், அங்கே ஆள் இருக்கிறார்கள். தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஒருகாலப் பூஜையோடு ஒற்றைக் குருக்கள் பார்த்துக்கொள்ளும் சிவன் கோயில்கள் எத்தனையோ. சைக்கிளில் போய் வரும் தூரத்தில் ஒன்றைப் பிடியுங்கள். அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அப்புறம் குருக்களிடம், "சாமி, எது ரொம்ப நாளா நிக்குது?" என்று கேளுங்கள். அநேகமாக, "கோமுகி அடைச்சிக்கிட்டிருக்கு சார்" என்பார்.

கோமுகி என்பது கருவறையின் அபிஷேகத் தண்ணீர் வெளியே வந்து விழும் கல் வாய். அது நல்ல தொடக்கம். அபிஷேகப் பால், எண்ணெய், விபூதி, வில்வ இலை எல்லாம் சேர்ந்து கறுத்த சேறாகப் படிந்திருக்கும், புளித்த வாடை அடிக்கும். மூங்கில் குச்சியால் கிளறி, கையால் வாரி, வாளி வாளியாகத் தண்ணீர் விட வேண்டும். வடிகாலில் தண்ணீர் தடையில்லாமல் ஓடும்வரை நிறுத்தாதீர்கள். கருவறைக்குள் மட்டும் நுழையக் கூடாது, அது குருக்கள் பொறுப்பு.

தண்ணீர் விட்டுக் கழுவுவதற்கு முன்னால் மெயினை அணையுங்கள். டியூப்லைட் வயரை ஆணியில் சுற்றிவிட்ட மண்டபங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரக் கல்லில் வெறுங்காலோடு நிற்கும்போது அது உயிர் போகிற விஷயம். செங்கல், சருகுக் குவியலைக் கையால் புரட்டாமல் குச்சியால் புரட்டுங்கள், தேள் இருக்கும். ஏணி ஏறுவது இளைஞர் வேலை. பிபி மாத்திரை போடுகிறவர்கள் வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

சுவரின் அடிப்பகுதியில் கல்வெட்டு இருந்தால் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் வேண்டாம். ஆயிரம் வருஷம் தாங்கிய எழுத்தை ஒரே காலையில் அழித்துவிட முடியும். பழைய ஓவியத்தில் ஈரத்துணிகூடப் படக் கூடாது. கருவறைக்கு மேலே இருக்கும் விமானத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுத்தால் வேரோடு சுதையும் செங்கல்லும் வந்துவிடும். அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ஸ்தபதி மூலம் எடுக்கச் சொல்லுங்கள். உங்களோடு உழவாரக் குழுவில் இருப்பவர்களில் கணக்குத் தெரிந்தவரோ, பழைய ஆசிரியரோ இருந்தால் அந்தக் கடிதத்தை அவர் எழுதட்டும்.

பணம் மட்டும் நம் கையில் புழங்க வேண்டாம். யாராவது கொடுத்தால் கோயில் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கச் சொல்லுங்கள்.

குழுவை நடத்துவது கல்லூரிப் பையனாக இருக்கலாம். "ஐயா, அந்தப் பக்கம் கூட்டுங்க" என்றால் கூட்டுங்கள். உத்தரவு போட்டே பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். ஆனால் எனக்கு மனசு லேசானது இங்கேதான். ஒரு வேலையை உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு கிழமையும் வையுங்கள். அன்று நீங்கள் வராவிட்டால் குருக்கள் உங்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பும் அளவுக்கு அது உங்கள் வேலையாகிவிட வேண்டும்.

இடமிருந்தால் நந்தவனம் போடுங்கள். அரளி, நந்தியாவட்டைக் குச்சிகளை ஐப்பசி மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். கோடையில்தான் காயும். எந்தக் கிழமை யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மாசியிலேயே பேசி முடித்துவிடுங்கள்.