நீண்ட கோப்பில் சுட்டியை உருட்டாமல் இருக்க

தைப்பூச மலர், ஆலய ஆண்டறிக்கை என்று பினாங்கில் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது. கணக்கறிக்கை எங்கே, உபயக்காரர் பட்டியல் எங்கே என்று சுட்டியை உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் வேர்டில் புக்மார்க் (ஓர் இடத்துக்குப் பெயர் வைத்து இடும் அடையாளம்) வைத்துவிடுங்கள்.

வேண்டிய இடத்தில் கர்சரை நிறுத்தி, இன்செர்ட் மெனுவில் புக்மார்க்கைத் தட்டி, பெயர் கொடுத்து, ஆட் அழுத்தினால் போதும். பெயரில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவே இடைவெளி கூடாது (அடிக்கோடு போடலாம்), 40 எழுத்தைத் தாண்டவும் கூடாது. ஏ1, ஏ2 என்றெல்லாம் வைத்தால் அடுத்த வாரம் உங்களுக்கே புரியாது.

அப்புறம் கண்ட்ரோல்-ஜி அழுத்தி, புக்மார்க்கைத் தேர்ந்து, பெயரைச் சொன்னால் நேராக அங்கே போய் நிற்கும். முதல் பக்கத்திலேயே இணைப்பாகவும் கொடுக்கலாம்: வரியைத் தேர்ந்து கண்ட்ரோல்-கே அழுத்தினால், இதே ஆவணத்துக்குள் இருக்கும் இடங்களில் உங்கள் புக்மார்க்கும் வரும். செயலவையில் பொறுமையில்லாதவர்களுக்கு இது நல்ல மருந்து.

ஒரு வரியை முழுவதும் தேர்ந்து புக்மார்க் வைத்திருந்தால், அந்த வரியை அழிக்கும்போது புக்மார்க்கும் போய்விடும். திருத்த வேண்டுமானால் வரியின் நடுவே புதிதாகத் தட்டச்சு செய்துவிட்டு, பிறகு பழைய சொற்களை நீக்குங்கள்.