விற்பனைக்கு விட்ட வீடு ஏன் போகவில்லை? கொழும்பில் வீடு விற்பவர்கள் பார்க்கவேண்டியவை

வீட்டை விற்பனைக்கு விட்டு மாதக்கணக்காகியும் ஆள் அமையவில்லை என்றால், பெயின்ற் அடிப்பதற்கும் தரகரை மாற்றுவதற்கும் முன்னர் ஒரு கொப்பியை எடுத்து, இதுவரை வந்தவர்கள் எந்தக் கட்டத்தில் விலகினார்கள் என்று எழுதுங்கள். தொலைபேசி அழைப்பே இல்லையா? விலையிலோ விளம்பரத்திலோ பிழை. அழைத்தவர்கள் எந்த ஒழுங்கை என்று கேட்டதும் பேச்சை முடித்துக்கொள்கிறார்களா? பாதையும் இடமும். ஒருமுறை வந்து பார்த்தவர் திரும்ப வரவில்லையென்றால் வீட்டின் நிலை. இரண்டு மூன்று தரம் வந்து, பெற்றோரையும் கூட்டிவந்து காட்டி, விலையும் பேசி, வீட்டின் உறுதிப் பத்திரத்தின் பிரதியை வாங்கிப்போன பிறகு காணாமல் போகிறார்கள் என்றால் குறை பத்திரத்தில். இந்தக் கடைசி வகைதான் உரிமையாளருக்கு விளங்காமலே போவது. வாங்க வந்தவர் உண்மைக் காரணத்தைச் சொல்லமாட்டார். "வீட்டில ஆக்களுக்கு விருப்பமில்லை" என்று முடித்துவிடுவார்.

விலை

"பக்கத்துக் காணி பேர்ச் இவ்வளவுக்குப் போனதாம்" என்ற பேச்சை வைத்துத்தான் பலர் விலை போடுகிறார்கள். வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய 20 பேர்ச் காணிக்கு அடுக்குமாடி கட்டுபவர் கொடுக்கும் விலை வேறு. ஒழுங்கையின் உட்புறத்தில், 10 அடிப் பாதையில், 7 பேர்ச்சில் நிற்கும் வீட்டுக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை வேறு. எத்தனை மாடி கட்டலாம் என்பது பாதையின் அகலத்தையும் காணியின் அளவையும் பொறுத்தது. ஆகவே முதலாவது காணியின் பேர்ச் விலையை இரண்டாவதற்குப் போட்டால் கட்டுபவரும் வரமாட்டார், குடும்பமும் வராது. இணையத்தில் காணும் தொகைகளும் கேட்கும் விலைகள்தான், கைமாறிய விலைகள் அல்ல.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. காணி 8 பேர்ச், உங்கள் பாதைக்குரிய விலை பேர்ச்சுக்கு 35 இலட்சம்: 2 கோடி 80 இலட்சம். வீடு 1,800 சதுர அடி. இன்று கட்டினால் சதுர அடிக்கு 12,000 ரூபாய் என்றால் 2 கோடி 16 இலட்சம். வீட்டுக்கு முப்பது வயது, தேய்மானம் போக 40 வீதம்தான் மிச்சம் என்று வைத்தால் ஏறத்தாழ 86 இலட்சம். மொத்தம் 3 கோடி 66 இலட்சம். நீங்கள் கேட்பது ஐந்தரைக் கோடி என்றால், வங்கியின் மதிப்பீட்டாளர் 3 கோடி 70 இலட்சத்துக்கு மேல் எழுதப்போவதில்லை. வங்கி அந்த மதிப்பில் 75 வீதம் கடன் கொடுத்தாலும் கிடைப்பது 2 கோடி 77 இலட்சம். மிச்சம் 2 கோடி 73 இலட்சத்தை வாங்குபவர் கைக்காசாக வைத்திருக்கவேண்டும். அவ்வளவு காசு கையிலுள்ளவர் உங்கள் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்.

மூலதன ஆதாய வரியை விலையின் மேல் ஏற்றி வைப்பதும் வழமையாக நடக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு இது 15 வீதம். ஆனால் வரி விற்ற முழுத்தொகைக்கு அல்ல, ஆதாயத்துக்கு. 2017 செப்டெம்பர் 30க்கு முன்னரே உங்களிடம் இருந்த சொத்து என்றால், அந்த நாளின் சந்தைப் பெறுமதியே அடக்கவிலை. நீங்கள் குடியிருந்த பிரதான வீடாக இருந்து, விற்பதற்கு முந்திய 3 வருடங்களும் தொடர்ச்சியாக உங்கள் உடைமையாக இருந்து, அதில் 2 வருடமாவது அங்கே வாழ்ந்திருந்தால் வரியே இல்லை. வரவேண்டியிராத வரிக்காக 30 இலட்சம் கூட்டிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். விலை போடுமுன் ஒரு வரி ஆலோசகரிடம் அரைமணி நேரம் இருந்து கேளுங்கள்.

விளம்பரம்

ஐந்து தரகர்களிடம் கொடுத்தால் ஐந்து மடங்கு ஆள் வரும் என்பது ஆதாரமில்லாத நம்பிக்கை. ஒரே வீடு இக்மன் விளம்பரத் தளத்தில் மூன்று படத்தோடு மூன்று விலையில் கிடந்தால், வாங்குபவர் குறைந்த விலையைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழிருந்து பேரம் தொடங்குவார், அல்லது ஏதோ சிக்கலான வீடு என்று ஒதுக்கிவிடுவார். ஒருவர், கூடினால் இருவர்; எல்லோருக்கும் ஒரே விலை; 2 முதல் 3 வீதத் தரகை முதலிலேயே எழுத்தில். "விலை பேசித் தீர்மானிக்கலாம்" என்று மட்டும் போடாமல் தொகையைப் போடுங்கள். அதோடு பேர்ச், சதுர அடி, அறை, குளியலறை, பாதையின் அகலம், எத்தனை வாகனம் நிறுத்தலாம் என்பவையும் வேண்டும். படங்களைக் காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், யன்னல் எல்லாம் திறந்து எடுங்கள். முதல் படம் வீட்டின் முகப்பு. சாமியறையும் குடும்பப் படங்களும் வேண்டாம்.

பாதையும் தண்ணீரும்

பாதையை மாற்றமுடியாது, ஆனால் மறைத்தால் வீணான வருகைதான் மிஞ்சும். 8 அடி ஒழுங்கை என்றால் அப்படியே எழுதுங்கள். கார் வைத்திராத, வாடகைக்கு விட வாங்குபவர் அப்போதுதான் உங்களைத் தேடி வருவார். வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வருபவர் 2016 மே வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று கேட்காமல் போகமாட்டார். மதிலில் அடையாளம் இருந்தால் பெயின்ற் பூசி மூடவேண்டாம். பக்கத்து வீட்டு மதில் காட்டிக்கொடுக்கும்.

வீட்டின் நிலை

ஈரம், வெடிப்பு, கறையான். இந்த மூன்றைத்தான் பார்க்க வருபவரின் கண் தேடும். மேல்தட்டு ஒழுக்கை நிறுத்தாமல் உட்கூரைக்குப் புதுப் பெயின்ற் அடித்தால், மே மாத மழை ஒன்றுக்கே மஞ்சள் வட்டம் திரும்பி வரும். முதலில் தட்டின் மேல் ஒரு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிவைத்துக் கீழே பாருங்கள். ஒழுகும் இடத்தைத் திருத்தி, காயவிட்டு, பிறகு பெயின்ற். மெரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று கொங்கிரீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, பூச்சு பெயர்ந்து விழும். அதற்கு மேல் சீமெந்து மட்டும் பூசினால் ஒரு வருடத்தில் திரும்பப் பெயரும். துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்பு பூசிய பிறகே மூடவேண்டும். குசினியைப் புதிதாக்கக் காசைக் கொட்டவேண்டாம். பழைய வீட்டை இடித்துக் கட்ட நினைப்பவருக்கு அது சதத்துக்கும் பெறாது.

பத்திரங்கள்

வாங்குபவரின் நொத்தாரிசு குறைந்தது 30 வருட உரித்தைக் காணிப் பதிவகத்தில் தேடுவார். அவருக்கு முன்னர் நீங்களே உங்கள் சட்டத்தரணியைக் கொண்டு தேடுவியுங்கள். செலவு சிறிது, ஆனால் அதில் வெளிவருபவை சிறிதல்ல.

அடிக்கடி அகப்படுவது பழைய ஈடு. கடன் கட்டி முடிந்து பத்து வருடமாகியிருக்கும். ஈடு மீட்ட பத்திரம் மட்டும் பதியப்படாமல் கிடக்கும். வங்கியில் அதை எழுதுவித்துப் பதியுங்கள். அடுத்தது பெயர். உறுதியில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, தகப்பன் பெயர் ஒன்றில் முன்னெழுத்தாகவும் மற்றதில் முழுதாகவும் இருக்கும். இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசி முன்கூட்டியே இருக்கட்டும். வீட்டிலக்கம் மாறியிருந்தால் மாநகர சபையிடம் கடிதம் எடுக்கவேண்டும்.

நில அளவைப் படம் நாற்பது வருடப் பழையது என்றால் வங்கி புதியதைக் கேட்கும். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளப்பியுங்கள். மதில் ஒரு அடி உள்ளேயோ வெளியேயோ நிற்பது அப்போதுதான் தெரியும். அதோடு சபையிலிருந்து வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதி அகலிப்புக்குக் காணி போகுமா என்று காட்டுவது), உரிமைச் சான்றிதழ், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, அங்கீகரித்த கட்டட வரைபடம், சிஓசி என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் (அங்கீகரித்த வரைபடத்தின்படி கட்டியது என்று காட்டுவது) ஆகியவையும் வேண்டும். அனுமதியில்லாமல் ஏற்றிய மேல்மாடி இருந்தால் பல மதிப்பீட்டாளர்கள் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். வாங்குபவரின் கடன் அங்கேயே சுருங்கும்.

குடும்பச் சிக்கல்கள் தனி வகை. அப்பா நன்கொடை உறுதியில் எழுதித் தந்து சீவிய உரித்தை, அதாவது தான் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்திருந்தால், அவரும் கையெழுத்து வைக்கவேண்டும். அண்மையில் எழுதிய நன்கொடை உறுதி என்றாலே வங்கிகள் தயங்கும். சகோதரர்கள் ஐந்து பேருக்குப் பிரிபடாத பங்கு என்றால், கனடாவிலும் இலண்டனிலும் உள்ளவர்கள் அற்றோணித் தத்துவம் (தங்கள் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பி, அது பதியப்பட்ட பிறகே விளம்பரம் போடுங்கள். விற்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவேண்டும். கொடுத்தவர் இறந்தால் அது செல்லாது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட, மணமான பெண்ணின் பெயரில் வீடு இருந்தால் நொத்தாரிசு கணவரின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்பார். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்புள்ள பழைய வாடகைக்காரர் இருந்தால், அவரோடு முதலில் முடிவு காணாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

அடுக்குமாடி வீட்டுக்குத் தனி உறுதி இல்லாமல் கட்டியவர் கொடுத்த ஒப்பந்தம் மட்டும் இருந்தால், பெரும்பாலும் வங்கிக் கடன் கிடைக்காது. பராமரிப்புப் பணம் நிலுவையில்லை என்ற கடிதம், வாகனத் தரிப்பிடம் உறுதியில் உண்டா என்பது, லிஃப்டும் ஜெனரேற்றரும் ஓடுகிறதா என்பது: இவ்வளவையும் கேட்பார்கள். வெளிநாட்டு ஆள்தான் நல்ல விலை தருவார் என்று காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணியோடு கூடிய வீட்டை விற்கமுடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. அடுக்குமாடிக்கு விதிவிலக்கு உண்டு.

எல்லாம் சரியாகி விலையையும் திருத்தினால், பழைய விளம்பரத்தைத் தூக்கிவிட்டு இரண்டு மூன்று வாரம் விட்டுப் புதுப் படங்களோடு போடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் ஆட்கள் வீடு பார்ப்பார்கள், முற்பணம் கொடுக்கமாட்டார்கள். அந்த மாதங்களில் அழைப்பு குறைந்ததற்காக விலையை இறக்கவேண்டாம். தை பிறந்ததும் போடுவதற்குப் பத்திரக் கோவையை மார்கழிக்குள் தயார்செய்துவிடுங்கள். முற்பணம் வாங்கும்போது 10 வீதம், 3 மாதத் தவணை என்று விற்பனை ஒப்பந்தத்தை நொத்தாரிசிடம் எழுதுவித்து, கடன் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் என்னவாகும் என்பதையும் அதிலேயே போடுவியுங்கள்.